ஒரு டம்ளர் நைட்ரஜன்

முதல் குமிழி வந்தபோது சபாபதி அதை நம்பவில்லை. குடுவை சூடேறும்போது உள்ளே அடைந்திருக்கும் காற்று விரியும், விரிந்தது குழாய் வழியாக வெளியேறப் பார்க்கும், குழாய் நுனியில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் கூட்டின் எண்ணெய்க்குள் ஒரு மணியாக எழும்பி உடையும், அதைப் பார்த்து வினை தொடங்கிவிட்டது என்று குதிப்பவன் முதலாண்டு மாணவன், அல்லது கவிஞன். இரண்டாவது வந்தது, அதையும் நம்பவில்லை. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் ஒருமுறை இருமினார். அதன் பிறகு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமும் இல்லாமல் சோம்பலும் இல்லாமல் வரத் தொடங்கியதும் ஸ்டூலை ஹூடுக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஹூடு என்பது ஆய்வகத்துப் புகையையும் நாற்றத்தையும் மேலே உறிஞ்சிக்கொள்ளும், கண்ணாடி முகப்பு வைத்த பெட்டி. ஒரு பெட்டிக்கடை அளவு இருக்கும். அதன் முன்னால் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் வியாபாரம் இல்லாத மத்தியானத்தில் கல்லாவை விட்டு எழுந்திருக்க மனசில்லாத கடைக்காரர் என்றே தோன்றும். வயது ஐம்பத்து மூன்று. கரிம வேதியியல் பேராசிரியர். கல்யாணம் ஆகாதவர். குமிழி வந்துகொண்டிருக்கும்போது வினையை விட்டு எழுந்து போவதில்லை என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் விதி. அந்த விதியைக் காட்டி ஒரு தங்கையின் வளைகாப்பு, இரண்டு பணி ஓய்வு விழாக்கள், எண்ணில் அடங்காத துறைக் கூட்டங்கள் ஆகியவற்றிலிருந்து தப்பித்திருக்கிறார். இன்று அந்த விதியோடு இன்னொன்றையும் முடிச்சுப் போட்டிருந்தார். இந்தக் குமிழி தொடர்ந்து வந்தால், அதாவது வளையம் உருவானால், அஞ்சுகத்திடம் சொல்லிவிடுவது. வராவிட்டால் சொல்வதில்லை. படித்த மனிதன் ஒரு விஷயத்தை முடிவு செய்கிற முறை இதுவல்ல என்று அவருக்குத் தெரியும். வேறு முறைகள் எல்லாவற்றையும் முயன்று பார்த்தாகிவிட்டது, அவற்றில் முக்கியமானது யோசிக்காமலே இருப்பது, அது இந்த வாரம் முழுக்க நன்றாகத்தான் வேலை செய்தது, இன்று வெள்ளிக்கிழமை ஆகாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் வேலை செய்திருக்கும்.

வந்தது. இன்னொன்று. குடுவைக்குள், தொலுவீன் என்ற திரவத்தில், ஆரஞ்சு நிறக் கரைசல், ஆரஞ்சு என்றால் பழச்சாறு ஆரஞ்சு இல்லை, ஸ்கூட்டர் இண்டிகேட்டர் ஆரஞ்சு. அந்த நிறத்துக்குச் சொந்தக்காரன் ட்ரயசீன், ஆறு அணுக்கள் வட்டமாக உட்கார்ந்த ஒரு வளையம், ஆறில் மூன்று நைட்ரஜன், மூன்று கார்பன். மூன்று நைட்ரஜன்களில் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் கையைக் கோத்துக்கொண்டு இருக்கும், மூன்றாவது ஒரு கார்பன் தள்ளித் தனியாக இருக்கும். வெளியிலிருந்து இரண்டு கார்பன்கள் வந்து வளையத்தின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்துக்கொண்டதும் அந்தக் கைகோத்த இரண்டும் கிளம்பிவிடும், காற்றாக, எண்ணெய்க்குள் குமிழியாக. தனியாக இருந்த மூன்றாவது தங்கிவிடும். அதுவும் ஐந்து கார்பனும் சேர்ந்து ஒரு புதிய வளையம், பிரிடின். ஆகவே ஒவ்வொரு குமிழிக்கும் உள்ளே கோடானுகோடி வளையம் மூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதை வகுப்பில் சொல்லி முடித்ததும் இன்றும் அவர் திரும்பிக்கொண்டு, சுத்தமாக இருக்கும் பலகையைத் துடைப்பார். ஆனால் அந்த இரண்டு கார்பன்கள் தாமாக வராது. அவை கீட்டோன் என்ற வேறொரு சேர்மத்தில் இருக்கின்றன, அந்தக் கீட்டோனும் ட்ரயசீனும் ஒரே குடுவையில் நாள் முழுக்கக் கொதித்தாலும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது, ரயிலில் எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே விழுப்புரம் வரை போகும் இரண்டு பேர் போல. அங்கேதான் பிரோலிடின் வரும். பிரோலிடின் கீட்டோனைத் தொட்டு அதன் குணத்தையே மாற்றும், கூச்சத்தைப் போக்கும், கொடுக்கும் மனசை உண்டாக்கும், ட்ரயசீனிடம் கூட்டிக்கொண்டு போய் விடும். வளையம் மூடியதும், எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்ததும், தன்னைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும், அடுத்த கீட்டோனைத் தேடி. கடைசியில் கிடைக்கும் பொருளில் அதன் சுவடே இருக்காது. அது போனால்தான் வளையத்துக்கு நிம்மதி. பரீட்சையில் மாணவர்கள் பிரோலிடினைக் கடைசி வரை வளையத்தில் ஒட்டவைத்துவிட்டு வந்தால் சபாபதி இரண்டு மதிப்பெண் குறைப்பார். குறைத்துவிட்டு ஓரத்தில் சிவப்பு மையால் எழுதுவார்: இது எப்போது போகும்?

அஞ்சுகத்துக்கு இந்த வழி பிடிக்காது. ஹூடின் வலது பாதி அவருடையது, இடது பாதி அவளுடையது, ஏழெட்டு ஆண்டுகளாக இப்படித்தான். துறையில் ஒழுங்காக இழுக்கிற ஹூடு இது ஒன்றுதான் என்பதால் நடுவில் ஒரு நீல டேப் ஒட்டிப் பகிர்ந்துகொண்டார்கள், டேப் எப்போதோ கரைந்து போய்விட்டது, எல்லை மட்டும் இருக்கிறது. அவளும் பிரிடின்தான் செய்கிறாள், ஆனால் பழைய வழியில்: வேண்டியதையெல்லாம் ஒரே குடுவையில் போட்டு, அம்மோனியாவை ஊற்றி, நன்றாகக் கொதிக்க விட்டால் நீளமான சங்கிலி தானே வளைந்து தன் வாலைத் தலையோடு சேர்த்துக்கொள்ளும். “சாம்பார் வைக்கிற மாதிரி” என்று அவர் ஒருமுறை கொஞ்சம் ஏளனமாகச் சொன்னார். “உங்க வழில தரகர் வேணும், வந்தவங்க கிளம்பிப் போகணும், போறதைப் பார்த்து நீங்க சந்தோஷப்படணும். எனக்குச் சாம்பாரே போதும் சார்” என்றாள். அவளுக்கு நாற்பத்தேழு, கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது, மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ஒரு திட்டம் முடிந்து இன்னொரு திட்டம் என்று தற்காலிகமாகவே இங்கே சிதம்பரத்தில் ஓட்டிவிட்டாள், இப்போது காரைக்காலில் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது, வருகிற வாரம் போய்ச் சேர வேண்டும். போன சனிக்கிழமை வீடு பார்க்கப் போய்விட்டு வந்தாள். திங்கட்கிழமை, இதே இடத்தில், தன் குடுவைக்கு ஐஸ் வைத்துக்கொண்டே, இவரைப் பார்க்காமல் சொன்னாள்: “வீட்டுக்காரர் ரெண்டு வீடு காட்டினார் சார். கீழ ஒண்ணு, ஒரு ஆளுக்குப் போதும். மாடியில ஒண்ணு, ரெண்டு பேருக்குச் சரியா இருக்கும். எதைச் சொல்லட்டும்?” சபாபதிக்குக் காது சூடாகிவிட்டது. “காத்தோட்டம் எதுல நல்லா இருக்கு?” என்று கேட்டார். மாடியில என்றாள். அப்படியா என்று சொல்லிவிட்டு அசிட்டோன் எடுத்து வரப் போனார். கைக்கு எட்டும் தூரத்திலேயே அசிட்டோன் நிறைய இருந்தது. திரும்பி வந்தபோது அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “நான் காத்தோட்டத்தைக் கேட்கல சார்” என்றாள். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்குப் போன் பண்ணணும். அதுக்குள்ள சொல்லுங்க, ஒருத்தருக்கா ரெண்டு பேருக்கா.”

வந்தது. வந்துகொண்டேதான் இருக்கிறது. வினையை வரையும்போது அம்பு எங்கே தொடங்க வேண்டும் என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். எலக்ட்ரான் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து வளைந்து கிளம்பி எங்கே குறைவோ அங்கே போய் முடிய வேண்டும், தலைகீழாகப் போட்டால் பூஜ்யம். அவள் சரியாகத்தான் போட்டாள். தன் பக்கத்திலிருந்து தொடங்கி, ஹூடின் நடு எல்லையைத் தாண்டி, இவர் பக்கம் கொண்டுவந்து முனையை நிறுத்திவிட்டு நிற்கிறாள், நாலு நாளாக அந்தரத்தில் நிற்கிறது அம்பு, இவர் ஐஸ் எடுக்கப் போகிறார், நூலகத்துக்குப் போகிறார், நேற்று மழை வருகிறதா என்று பார்க்கப் போனார். இல்லை, பயம் என்று சொல்ல முடியாது. தகுதி என்று சொல்லலாமா. தான் பிரோலிடின் என்று ரொம்ப நாளாக ஒரு எண்ணம் அவருக்கு. பெரிய தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தது, சின்னவளுக்குப் பார்த்தது, இரண்டு வீட்டுக்காரர்களையும் பேச வைத்தது, முறைத்துக்கொண்டவர்களைச் சிரிக்க வைத்தது எல்லாம் அவர்தான். இரண்டு கல்யாண ஆல்பத்திலும் குடும்பத்தோடு எடுத்த படத்தில் அவர் இல்லை, ஒன்றில் நாதஸ்வரக்காரருக்கு வண்டி பிடிக்கப் போயிருந்தார், இன்னொன்றில் பாயசம் பந்திக்குப் போதுமா என்று பார்க்கப் போயிருந்தார். படம் எடுத்து முடிந்த பிறகு வந்து, அடடா எடுத்துட்டீங்களா, பரவாயில்ல பரவாயில்ல என்றார். பரவாயில்லை என்பது உண்மையாகவே பரவாயில்லைதான். போய்விடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. பந்தி நடுவே எழுந்து வெளியே வந்து, மண்டபத்துக்குப் பின்னால் கைகழுவும் இடத்தில் தனியாக நின்று, உள்ளேயிருந்து வரும் மேளச் சத்தத்தைக் கேட்கிற சுகம், அது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது.

அம்மாவுக்குத் தெரிந்திருக்குமோ. அவருக்கு முப்பது வயதில் மாயவரத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்தது, பெண்ணையும் போய்ப் பார்த்தார்கள், முகம் இப்போது நினைவில்லை, கைக்கடிகாரத்தை வலது கையில் கட்டியிருந்தாள், அது நினைவிருக்கிறது. அம்மா பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். சிவப்பு அரளியை ஒரு வாழையிலைத் துண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையை இன்னொன்றிலும் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுக்கச் சொல்வது; சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் வேண்டாம். சின்னத் தங்கை எடுத்தாள். வெள்ளை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றப் போனாள். சபாபதி அப்போது முனைவர் பட்டத்துக்கு எழுதி முடித்திருந்த சமயம், ஒன்றைப் பார்த்தால் அதன் எதிர்ச் சோதனையையும் பார்க்காமல் விடக் கூடாது என்று புத்தியில் ஏறியிருந்தது. மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அதுவும் வெள்ளை. அப்படியே மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்பா இல்லாத வீடு, கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள், சம்பாதிக்கிறவன் ஒருவன். அம்மாவின் கணக்கு அவருக்கு உடனே புரிந்தது. கோபம் வரவில்லை. வந்தது வேறு ஒன்று, இத்தனை வருஷம் கழித்தும் அதற்குப் பெயர் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பின்னாளில் மண்டபத்துக்குப் பின்னால் தனியாக நின்றபோது வந்த அதே சுகம் அது. அம்மா கடைசி வரை சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே பொய்யைப் பத்திரமாகப் பாதுகாத்துக்கொண்டு, அவள் அவருக்குச் சோறு போட, அவர் அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க, பிரியமாகத்தான் இருந்தார்கள். அவள் போன பிறகு பீரோவைத் திறக்கும்போதெல்லாம் நந்தியாவட்டை மணப்பது போல இருக்கும். நந்தியாவட்டைக்கு மணமே கிடையாது என்று தன்னைத் திருத்திக்கொள்வார்.

மணம் என்றால் அவருக்கு வேறு ஒரு பிரச்சினை இருக்கிறது. பிரிடின் நாறும். அழுகிய மீனும் பழைய கருவாட்டுச் சாக்கும் கலந்த ஒன்று, சோப்புக்கு அடங்காது, சட்டையில் ஏறும், முடியில் ஏறும், மேஜை மேல் வைத்த சாத்துக்குடியில்கூட ஏறும். பேருந்தில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் ஒரு நிறுத்தத்துக்குள் எழுந்து போய்விடுவார், ஓதுவார் மாதிரி நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு மீன் வாசனையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பது மற்றவர்களுக்குக் குழப்பமாக இருக்கும் போல. அதோடு, பிரிடினை ரொம்ப முகர்ந்தால் ஆண்களுக்குச் சந்ததி இல்லாமல் போகும் என்று ஆய்வகங்களில் ஒரு பழைய வதந்தி உண்டு. ஆதாரமில்லாதது என்று வகுப்பில் மறுத்துவிட்டு, தன் விஷயத்தில் அதைச் சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை என்பதை மட்டும் சொல்லாமல் விடுவார். அஞ்சுகம் ஒருமுறை, அது எப்போது, மின்சாரம் போய் ஹூடு நின்றுவிட்ட ஒரு மத்தியானம், இரண்டு பேரும் தாழ்வாரத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு அடி தள்ளி நின்றார், மரியாதைக்கு. ஏன் சார் தள்ளிப் போறீங்க என்றாள். இல்ல, நாத்தம் என்றார். “உங்க நாத்தமும் என் நாத்தமும் ஒண்ணுதான் சார். எனக்கு வரவே இல்ல.” அவ்வளவுதான் சொன்னாள், மின்சாரம் வந்துவிட்டது, உள்ளே போய்விட்டார்கள். இதற்கு முன் யாரும் அவரிடம் அப்படி ஒன்று சொன்னதில்லை. ஆனால் ஒரே வீடு என்பது தாழ்வாரம் இல்லை. தயிர்சாதத்தில் அவர் சர்க்கரை போட்டுக்கொள்வதை அவள் பார்ப்பாள். கண்ணாடி முன்னால் நின்று மறுநாள் பாடத்தைச் சொல்லிப் பார்ப்பதைப் பார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருவதைப் பார்ப்பாள், ஒருமுறை இல்லை, இரண்டு மூன்று முறை. குறட்டை. குறட்டை விடுகிறோமா என்பதே தெரியாது, சொல்ல ஆள் இருந்ததில்லை, இந்த வயதுக்கு ஒரு மனிதன் தன்னைப் பற்றித் தெரியாமலே வைத்திருக்கிற தகவல் எவ்வளவு. இதெல்லாம் போகட்டும். அவளுக்கு ஒரு நாள் காய்ச்சல் வரும். வரும்தானே. பக்கத்து அறையில் அவள் இருமுவாள், அந்த இருமலை இவர் படுத்துக்கொண்டு கேட்க வேண்டும், அது எங்கே போய் நிற்குமோ என்று. அம்மாவின் இருமலைக் கேட்டது போதாதா. யாரும் இல்லாத வீட்டில் யாரும் இருமுவதில்லை. அல்லது இவருக்கு வரும், அவள் வெந்நீரோடு எழுந்து வருவாள், தூக்கம் கலைந்த முகத்தோடு, முடியை அள்ளிச் சொருகிக்கொண்டு. அதைப் பார்த்துவிட்டால் அதன் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. அதுதான். அதைத்தான் நாலு நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஐம்பத்து மூன்று வருஷமாக இழப்பதற்கு ஒன்றும் இல்லாமல் கவனமாக நடத்திக்கொண்டு வந்த வாழ்க்கை. அவள் நல்ல வேலைக்குப் போகட்டும், கீழ்வீட்டில் இருக்கட்டும், மகள் வந்து போகட்டும், நாம் எதற்கு நடுவில். பாயசம் போதுமா என்று பார்க்க வேண்டும். ஆனால் குமிழி வருகிறதே. வந்துகொண்டே இருக்கிறதே. சரி, சொல்லிவிடலாம், அவள் விடுவிப்பு ஆணை வாங்கப் போன அலுவலகத்திலிருந்து வந்ததும், எப்படி ஆரம்பிப்பது, மேடம், அந்த மாடி வீடு…

எவ்வளவு நேரமாக வருகிறது?

இந்தக் கேள்வி அவர் கேட்டதல்ல. அதுவாக வந்தது, கடைத்தெருவில் தெரிந்த முகம் குறுக்கே வருவது போல. ஜன்னல் வழியாக உள்ளே விழுந்த வெயில் தராசு மேஜையிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு உட்கார்ந்தவர். குடுவையில் போட்ட ட்ரயசீன் எவ்வளவு என்று அவருக்கு மனப்பாடம், அதிலிருந்து வரக்கூடிய நைட்ரஜன் எவ்வளவு என்பதற்குக் காகிதம் வேண்டாம், மனக்கணக்கே போதும்: ஒரு டம்ளர். பெரிய டம்ளர் என்றே வைத்துக்கொள்ளலாம், காப்பி டம்ளர் இல்லை, மோர் டம்ளர். அதற்கு மேல் ஒரு சொட்டுக் காற்றுகூட அந்த மூலக்கூறுகளிடம் கிடையாது. இதுவரை வந்திருப்பது ஒரு சொம்புக்குக் குறையாது. கிட்டே குனிந்து பார்த்தார். நிறம் மாறவே இல்லை, அதே இண்டிகேட்டர் ஆரஞ்சு, இவ்வளவு நைட்ரஜன் போயிருந்தால் இந்நேரம் வெளுத்துப் பழுப்பாகியிருக்க வேண்டும். இன்னொன்றும் இப்போதுதான் உறைத்தது. உண்மையான வினை முதலில் தயங்கும், பிறகு வேகம் பிடிக்கும், பிறகு தளரும். இது ஆரம்பம் முதல் ஒரே சீராக வருகிறது, சுவர்க் கடிகாரம் மாதிரி. இவ்வளவு ஒழுங்காக எதுவும் உயிரோடு நடக்காது. எழுந்தார். ஹூடின் இடது பக்கம், அவளுடைய குடுவைக்குப் பின்னால், சுவரோரமாக நைட்ரஜன் சிலிண்டரிலிருந்து வரும் குழாயின் திருகு இருக்கிறது. வினை தொடங்குமுன் உள்ளிருக்கும் சாதாரணக் காற்றை விரட்ட அதைத் திறப்பார்கள், விரட்டியதும் மூடிவிடுவார்கள். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். அரை மயிரிழை திறந்திருந்தது.

அப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தது சிலிண்டர் காற்று. மத்தியானம் முழுக்க. எந்த வளையமும் மூடவில்லை, எதுவும் கிளம்பவில்லை, எதுவும் தங்கவில்லை. இரும்புக் குழாயிலிருந்து வந்த நைட்ரஜன் குடுவைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எண்ணெய் வழியாக வெளியே போயிருக்கிறது, அதைப் பார்த்து ஒரு மனிதன் கல்யாணத்துக்குத் தயாராகியிருக்கிறான். மூடினோமே. மூடினோமா? விரலில் அந்தத் திருகின் சொரசொரப்பு நினைவிருக்கிறது, ஆனால் அது இன்றைய விரலா நேற்றைய விரலா, வீட்டுப் பூட்டும் இப்படித்தான் ஏமாற்றும். திருகை இறுக்கினார். குமிழி ஒன்று வந்தது, ஒன்று பாதியில் எழும்பித் தயங்கி அப்படியே தங்கிவிட்டது, பிறகு எண்ணெய் அசையவில்லை. ஹூடின் இரைச்சல் மட்டும். சட்டைப் பையில் இருந்த இரண்டாவது பொட்டலம் நினைவுக்கு வந்தது. சரி. வெள்ளைதான் வந்திருக்கிறது. எதிர்பார்த்த நிம்மதி எங்கே என்று உள்ளே துழாவினார், எப்போதும் இருக்கிற இடத்தில் அது இல்லை.

“என்ன சார், நின்னுட்டீங்க?”

அஞ்சுகம் வாசலில் நின்றாள், ஒரு கையில் விடுவிப்பு ஆணையின் உறை, இன்னொரு கையில் டீ பிளாஸ்க்கும் இரண்டு டம்ளரும். ஆய்வகத்துக்குள் டீ கூடாது என்பதால் வாசலைத் தாண்டவில்லை. அது இவர் போட்ட விதி.

“குழாய் திறந்திருந்தது மேடம்” என்றார். “நான் மூடாமலே விட்டிருக்கேன். இவ்வளவு நேரமும் சிலிண்டர் காத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். முதலாண்டுப் பையன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.”

“நீங்க மூடினீங்க.”

“இல்ல, திறந்திருந்தது. கையால பார்த்தேன்.”

“நீங்க மூடினீங்க சார். நான்தான் திறந்தேன்.”

அவர் திரும்பினார். அவள் பிளாஸ்க்கை வாசலோரத்து நாற்காலியில் வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், ஏற்கெனவே துடைத்திருந்த முகத்தை.

“ஆபீஸ்ல கையெழுத்து வாங்கணும், எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியல. நான் திரும்பி வரும்போது நீங்க இங்க இருக்கணும். செவ்வாய்க்கிழமை ஐஸ் எடுக்கப் போனீங்க, பெட்டி நிறைய ஐஸ் இருக்கு. புதன்கிழமை லைப்ரரி. நேத்து மழை வருதான்னு பார்க்கப் போனீங்க, வெளியில வெயில் கொளுத்துது. குமிழி வந்தா மட்டும்தான் நீங்க எழுந்திருக்க மாட்டீங்க. எனக்கு வேற வழி தெரியல.” உறையைப் பிளாஸ்க் பக்கத்தில் வைத்துவிட்டு, “தப்புதான்” என்றாள். அதில் தப்பு செய்தவளின் குரல் இல்லை.

இரண்டாவது தடவை, என்று நினைத்தார் சபாபதி. இரண்டாவது தடவையாக ஒரு பெண் எனக்குக் குறியைத் திருத்தி வைத்திருக்கிறாள், இரண்டு தடவையும் நான் வெளியே போகாமல் இருப்பதற்காக. அப்படியானால் இரண்டும் ஒன்றா. கணக்கில் ஒன்றுதான். இல்லை, ஒன்றில்லை, எங்கேயோ இடிக்கிறது, எங்கே, ஆமாம்: இவள் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டிவிட்டாள். இதோ பார், இரண்டும் வெள்ளை, நான்தான் வைத்தேன், இப்போது நீயே சொல் என்று நிற்கிறாள். குறியும் இல்லை, சாட்சியும் இல்லை, எண்ணெய் அசையாமல் கிடக்கிறது. அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது, பிறகு தோள் குலுங்கியது, கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது.

“சிரிக்கிறீங்க.”

“வினையைக் கெடுத்துட்டீங்க மேடம்.”

“ஒண்ணும் கெடல. அது ஆரம்பிக்கவே இல்ல.” அவள் உள்ளே வந்து குனிந்து பார்த்தாள். “சூடு பத்தல. தொலுவீன் இன்னும் கொதிக்கவே இல்ல பாருங்க. எப்பவும் நீங்க பயந்து பயந்துதான் வைக்கிறீங்க.” குடுவையைச் சூடாக்கும் எண்ணெய்ச் சட்டியின் சூட்டு விசையைப் பிடித்துத் தாராளமாகத் திருப்பினாள். அவர் பக்கத்துப் பாதிக்குள் அவள் கை வந்திருந்தது. அவர் தள்ளி நிற்கவில்லை.

“காரைக்கால்லேருந்து காலையில இங்க வர முதல் பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

அவள் நிமிரவில்லை. “யாருக்கு?”

“தினமும் வந்துட்டுத் திரும்பணும்னா.”

“தரங்கம்பாடி, சீர்காழின்னு நின்னு நின்னு வரும் சார். காலேஜ் பசங்க கூட்டம். உட்கார இடம் கிடைக்காது.”

“என் பக்கத்துல யார் உட்காருவா. நான் ஏறினா சீட்டு தானா காலியாகும்.”

அவள் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தார். சிரிக்கவில்லை. சுவரோரத்துத் திருகை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள், மூடித்தான் இருக்கிறதா என்று. பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். குமிழி வரவில்லை, ஆகவே விதி அவரைத் தடுக்கவில்லை, ஆனாலும் கொதிக்கப் போகிற குடுவையைக் கண்பார்வையில் வைத்துக்கொள்ளும்படியாக அவரும் வாசல் வரை போய், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, அஞ்சுகம் பேசறேன். சிதம்பரத்துலேருந்து… ஆமா. இல்ல, கீழ்வீடு வேணாம். மாடி வீடு.” அவள் அவரைப் பார்த்தாள். மேளச் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு கைகழுவும் இடம் இருந்தால் அவர் இப்போது அங்கே இருந்திருப்பார். இந்தத் தாழ்வாரத்தில் அப்படி எதுவும் இல்லை, அவர் தேடவும் இல்லை. “ரெண்டு பேர்” என்றாள் அஞ்சுகம்.

“தண்ணி தினமும் வருமான்னு கேளுங்க” என்றார் சபாபதி.

அவள் கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு, “கண்டென்சரைக் குளிர வைக்கவா?” என்றாள்.

“குளிக்க. ரெண்டு வேளையும் குளிக்கணும்ல.”

இப்போதுதான் சிரித்தாள், வீட்டுக்காரர் மறுமுனையில் ஹலோ ஹலோ என்று கூப்பிடுவது வெளியே கேட்டது, சபாபதி பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு டம்ளரிலும் டீயை ஊற்றினார், ஒன்றில் கூடவும் ஒன்றில் குறையவும் ஊற்றி, கூட இருந்ததை அவள் பக்கம் நகர்த்தினார். கண்பார்வையில் வைத்துக்கொள்ளத்தான் வந்தார், ஆனால் கண் வேறு எங்கோ இருந்தது. உள்ளே, ஹூடின் கண்ணாடிக்குப் பின்னால், தொலுவீன் கொதிக்கத் தொடங்கியிருந்தது. எண்ணெய்க்குள் ஒரு மணி எழும்பி உடைந்தது. சூட்டில் விரிந்த காற்று என்று அவர் பார்த்திருந்தால் சொல்லியிருப்பார். சற்றுப் பொறுத்து இன்னொன்று, பிறகு தயக்கம், பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நாலு, ஒழுங்கே இல்லாமல், முட்டிக்கொண்டு. ஆரஞ்சு விளிம்பிலிருந்து மெல்ல வெளுத்தது. கைகோத்த இரண்டும் போய்க்கொண்டிருந்தன. மூன்றாவது தங்கியது.